ஆர்ஜவமும் புகைப்பழக்கமும்

(தசலட்சணப் பருவத்தின் மூன்றாம் நாளாகிய உத்தம ஆர்ஜவ தினச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் சாலையில் ரெட்டியார்சத்திரத்தைக் கடப்போர் இருமருங்கும் காய்கறித் தோட்டங்களைக் காண்பர். இந்திய, இஸ்ரேல் நாடுகளின் கூட்டு முயற்சியில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இவ்வூரில்தான் உள்ளது. சற்று அப்பால் ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தை. இத்தகைய தோட்டங்களில் வளர்ந்த மூத்த உழவர்கள் பழைய பூச்சிக்கொல்லி ஒன்றை நன்கு அறிவர். புகையிலைக் காம்பையும் கழிவையும் நீரில் ஊறவைத்து அல்லது கொதிக்கவைத்து வடித்து, சிறிது சோப்புக் கரைசல் கலந்து செடிமேல் தெளிப்பார்கள். இலையின் அடியில் அப்பியிருக்கும் அசுவினிகள் மடிந்து உதிரும். அவற்றைக் கொல்வது நிக்கோட்டின் என்னும் நஞ்சு. தன்னைத் தின்ன வரும் பூச்சிகளைக் கொல்வதற்காகப் புகையிலைச் செடி அதனைத் தன் வேரில் உண்டாக்கி இலைக்கு அனுப்புகிறது.

கண்ணுக்குப் புலப்படாத உயிரும் வருந்தலாகாது என்று நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுவதும், கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பதும் தமிழ்ச் சமணக் குடும்பங்களின் வழிவழி ஒழுக்கம். அத்தகைய இல்லத்துப் பிள்ளை ஒருவன் பதினாறாம் வயதில், தனிப்பயிற்சி வகுப்பு முடிந்து வரும் வழியில், தேநீர்க்கடையின் பின்புறம் நின்று அதே நஞ்சைத் தன் மூச்சில் இழுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வருமுன் வாயில் ஏலக்காய் போட்டுக்கொள்கிறான், சட்டையை உதறிக்கொள்கிறான். தாய்க்கு ஐயம் எழுகிறது. கேட்டால், பக்கத்தில் நின்றவன் பிடித்தான் என்கிறான். ஆர்ஜவ தினத்தில் இப்பொருளைப் பேசுவதற்குக் காரணம் அந்த ஏலக்காய்தான். மனமும் சொல்லும் செயலும் ஒரே நேர்கோட்டில் நிற்பது ஆர்ஜவம். நுரையீரலுக்குக் கேடு வரப் பல்லாண்டு ஆகலாம். தாய்க்கும் மகனுக்கும் இடையிலிருந்த நேர்மை முதல் மாதத்திலேயே வளைந்துவிடுகிறது.

திண்டுக்கல் சீமைக்குப் புகையிலை புதிதன்று. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஆங்கிலேயர் பெயரிட்டு மகிழ்ந்த சுருட்டுகளுக்கான இலையில் பெரும்பங்கு இவ்வட்டாரத்தில் விளைந்தது; பெயர் மட்டும் திருச்சிக்குப் போயிற்று. ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டு ஆலை திண்டுக்கல்லில் நெடுங்காலம் இயங்கியது. வேடசந்தூரில் 1948ஆம் ஆண்டு முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று உள்ளது. இத்தொழிலை நம்பிப் பிழைத்த ஏழை உழவர்களையும் சுருட்டுச் சுற்றிய தொழிலாளர்களையும் பழிப்பது முறையாகாது. இப்பயிரால் முதலில் துன்புற்றவர்களும் அவர்களே. பனியில் நனைந்த பச்சை இலையைப் பறிப்போரின் தோல் வழியாகவே நிக்கோட்டின் உடலில் ஏறித் தலைச்சுற்றலையும் வாந்தியையும் உண்டாக்கும். முதல் சிகரெட்டைப் பிடிக்கும் சிறுவனுக்கு வரும் தலைச்சுற்றலும் குமட்டலும் அதே நஞ்சின் வேலைதான். உடல் அன்றே அதனை மறுத்துவிடுகிறது. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருப்பதால் அவன் அந்த மறுப்பை அடக்கிக்கொள்கிறான்.

அறிவுள்ள பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "சூது, ஊன், கள், பரத்தை, வேட்டை, களவு, பிறன்மனை என்று ஏழு வியசனங்களைத்தானே முன்னோர் விலக்கினார்கள்? அதில் சிகரெட் எங்கே இருக்கிறது?" இக்கேள்வியைச் சினந்து அடக்குதல் தவறு, இதற்கு நேரான விடை உண்டு. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வழியாகவே அது இந்நாட்டுக்கு வந்தது. பிஜப்பூரிலிருந்து அக்பரின் அவைக்கு அது கொண்டுவரப்பட்டது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்; ஜஹாங்கீர் அதற்குத் தடை விதித்தது 1617இல். ஆசாரிய சமந்தபத்திரர் இல்லறத்தார்க்கு இரத்தினகரண்ட சிராவகாசாரம் அருளிய காலத்தில் புகையிலை என்ற பெயரே இந்நாட்டில் இல்லை. இல்லாத பொருளை எவ்வாறு பட்டியலில் சேர்ப்பார்?

ஆயினும் அப்பொருளுக்குரிய இடம் அந்நூலில் ஆயத்தமாகவே இருக்கிறது. குணவிரதங்களுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். பயனேதும் இன்றி உயிர்களுக்குத் தீங்கு செய்யாதிருத்தல் அதன் பொருள். பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைச் சிதறுதல், தீயை மூட்டுதல், காற்றை அலைத்தல் ஆகியவை அதில் பிரமாதசரியை என்று விலக்கப்படுகின்றன. உலை வைக்கத் தீ வேண்டும். விளக்கேற்றத் தீ வேண்டும். சிகரெட்டின் நுனியில் எரியும் தீயால் எவருக்கும் ஒரு வேளைச் சோறு வேகவில்லை. அதே விரதத்தின்கீழ் ஹிம்சாதானம் என்ற மற்றொன்றும் வருகிறது. கொலைக்குக் கருவியாகும் பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்தலே ஹிம்சாதானம்; வாள், கோடரி முதலியவற்றோடு தீயும் நஞ்சும் அங்கே எண்ணப்படுகின்றன. "ஒன்று பிடித்துப் பாருடா" என்று நண்பன் நீட்டுவது தீயும் நஞ்சும் சேர்ந்த ஒரு சிறு குழல். வாங்குபவனைப் போலவே கொடுப்பவனுக்கும் அதில் வினை உண்டு. இளைஞன் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். தனக்குப் பழகிய பின் தானும் தம்பி வயதுடைய ஒருவனுக்கு நீட்டுவான்.

இன்றைய சட்டமும் ஏறக்குறைய இதே வழியில் நிற்கிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்க்குப் புகையிலைப் பொருள் விற்பதையும், கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதையும் தடை செய்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமோ, மருத்துவர் சொல்லாமல் சிறுவனுக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவர்க்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. இவ்வளவு இருந்தும் கடைகளில் சில்லறையாக ஒன்று, இரண்டு என்று வாங்கிவிட முடிகிறது. சில்லறையாக வாங்கும் சிறுவன் பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பை நிறைத்திருக்கும் எச்சரிக்கைப் படத்தையும் பார்ப்பதில்லை.

படத்தைப் பார்த்திருந்தாலும் அவனுக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. திரைப்படம் தொடங்குமுன் வரும் எச்சரிக்கையை மழலைப் பருவத்திலிருந்தே கேட்டு வளர்ந்த தலைமுறை இது. குரலை மாற்றி நடித்தும் காட்டுவார்கள். புற்றுநோய் வரும் என்பதை அறியாமல் எந்தப் பிள்ளையும் புகைப்பதில்லை. ஆகவே தந்தை எதிரில் அமர்ந்து புற்றுநோயைப் பற்றி ஒரு மணி நேரம் உரைப்பதால் விளையும் பயன் சிறிது. நாற்பது ஆண்டுக்குப் பின் வரும் நோய் பதினாறு வயதுக்காரனுக்கு மற்றொருவருடைய நோய்.

அவனுக்குத் தெரியாத செய்தி வேறு. இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் ஏறக்குறைய 10 முதல் 20 நொடிகளில் மூளையை அடைகிறது. மனித மூளையில் முன்பின் ஆராய்ந்து தன்னை அடக்கும் பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. வளரும் மூளை நிக்கோட்டினுக்கு விரைவில் அடிமைப்படுகிறது. அன்றாடம் புகைக்காத சிறுவர்க்கும் அந்த ஏக்கம் தொடங்கிவிடுவதுண்டு. அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2012ஆம் ஆண்டு அறிக்கை, அந்நாட்டில் நாள்தோறும் புகைக்கும் பெரியவர்களுள் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் 18 வயதுக்குள்ளாகவே முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள் என்று கண்டது. இந்தியாவில் 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவருள் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். "எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடுவேன்" என்று சிறுவன் சொல்வது பொய்யன்று. அவன் அவ்வாறே நம்புகிறான். விட முயன்று பார்த்த பின்பே அந்த நம்பிக்கை உண்மையா என்பது அவனுக்குத் தெரியும்.

எதற்காகத் தொடங்குகிறான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறர் நிற்குமிடத்தில் நின்று நோக்குவதே அநேகாந்தம். சொந்த ஊரையும் ஜினாலயத்தையும் விட்டு, பெற்றோரின் பணி மாற்றத்தால் வேற்றூர்ப் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு முதல் கவலை நண்பர் கூட்டத்தில் இடம் கிடைப்பதே. ஊன் உண்ணமாட்டான், இரவில் உண்ணமாட்டான், வெங்காயம், கிழங்கு வேண்டாம் என்பான் என்று முன்னரே கேலிக்கு ஆளாகியிருப்பான். "இதுவும் மாட்டாயா?" என்ற கேள்விக்கு முன் அவன் தளர்வது வியப்பன்று. இவ்வளவு மறுப்புகளுக்கும் காரணத்தைக் குடும்பம் அவனுக்கு விளக்கியிருந்தால், நின்று பதில் சொல்லியிருப்பான். வழக்கம் என்று மட்டுமே சொல்லி வளர்த்த ஒழுக்கம் வீட்டு வாயிலைத் தாண்டி அவனுடன் வெகுதூரம் வருவதில்லை.

இங்கே காந்தியடிகளின் இளமையை நினைவுகூர்தல் தகும். சின்னாளபட்டியை அடுத்த காந்திகிராமத்தால் திண்டுக்கல் வட்டாரத்தார்க்கு அவர் பெயர் அணுக்கமானது. அவரது பிள்ளைப் பருவத்துக் குஜராத்தில் சமண முனிவர்கள் அவர் இல்லத்துக்கு வருவதுண்டு. 1888இல் இங்கிலாந்து செல்லுமுன் பேச்சர்ஜி சுவாமி என்ற சமண முனிவர் முன்னிலையில்தான் மது, மாது, ஊன் ஆகியவற்றைத் தீண்டேன் என்று அவர் சூளுரைத்தார். அத்தகையவரும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் புகைபிடித்தார் என்பதைத் தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். உறவுச் சிறுவன் ஒருவனுடன் சேர்ந்து, சிற்றப்பா புகைத்து எறிந்த துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். துண்டுகள் போதாமற் போகவே வேலையாளின் சில்லறைக் காசைத் திருடி வாங்கினார். பெரியவர்களைக் கேளாமல் எதுவும் செய்ய முடியவில்லையே என்ற கசப்பு முற்றி, இரு சிறுவரும் விபரீத முடிவு ஒன்றின் விளிம்பு வரை போய்த் திரும்பினர். அந்த அதிர்ச்சியே அவர்களைப் புகையிலிருந்தும் திருட்டிலிருந்தும் மீட்டது.

அவ்வளவு தொலைவு ஒரு சிறுவன் தனியாகச் சென்று திரும்பினான். வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. பெற்றோர் அஞ்ச வேண்டியது இதனை.

பதினைந்தாம் வயதில் மற்றொரு தவறு நிகழ்ந்தது. அண்ணனின் கடனை அடைக்க அவரது பொற்காப்பிலிருந்து சிறிது பொன்னை வெட்டி எடுத்தனர். இம்முறை மனம் பொறுக்கவில்லை. குற்றத்தை ஒரு தாளில் எழுதி, தக்க தண்டனை தருமாறு வேண்டி, நோயுற்றுப் படுத்திருந்த தந்தையிடம் கொடுத்தார். தந்தை எழுந்து அமர்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. சிறிது நேரம் கண்மூடியிருந்து, தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. முன்னதில் சொல்வதற்கு ஆளில்லை என்று சிறுவன் கருதினான்; பின்னதில் சொன்னான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மகனின் துணிவால் மட்டும் வந்ததன்று. அந்தத் தாளை வாங்கிப் படித்த முகமும் அதில் உண்டு.

ஆலோசனை என்ற சொல்லைத் தமிழில் இன்று அறிவுரை கூறுதல் என்ற பொருளிலேயே வழங்குகிறார்கள். ஆகமத்தில் அதன் பொருள் வேறு. குற்றம் செய்தவன் தன் குற்றத்தைக் குருவிடம் தானே, குழந்தை பேசுவதுபோல் ஒளிக்காமல் எடுத்துரைப்பது ஆலோசனை. தத்துவார்த்த சூத்திரம் கூறும் பிராயச்சித்த வகைகளுள் அதுவே முதலாவது. பெற்றோர் முதற்பொருளில் ஆலோசனையை வாரி வழங்குகின்றனர். இரண்டாம் பொருளில் பிள்ளைகள் அதனைச் செய்வதற்கு வீட்டில் இடம் உண்டா?

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் இரண்டு இவ்விடத்தில் துணை நிற்கும். ஒன்று உபகூகனம், பிறர் குறையைத் தூற்றாது மறைத்தல். மற்றொன்று ஸ்திதிகரணம்; நிலைகுலைந்தவனை மீண்டும் நெறியில் நிறுத்துதல். உபகூகனத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் ஜினேந்திரபக்தனின் கதையை இச்சபையில் பலரும் அறிவர். துறவி வேடம் பூண்டு வந்த கள்வன் அவ்வணிகனின் இல்லக் கோயிலில் இருந்த மணியைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் துரத்துகின்றனர். மணியைத் தாமே கொண்டுவரச் சொன்னதாக வணிகன் அனைவர் முன்னும் கூறிவிடுகிறான். கூட்டம் கலைந்த பின்னரே கள்வனைத் தனியே கடிந்து அனுப்புகிறான். கடியாமல் விட்டானில்லை, ஊரறியக் கடிந்தானில்லை. மகன் சட்டைப்பையில் ஒரு சிகரெட்டைக் கண்ட தந்தை, அதனை மாமன், சித்தப்பன், பக்கத்து வீட்டார் என்று எல்லோருக்கும் சொல்லிப் புலம்புவதும், அவர்கள் ஒவ்வொருவரும் அவனைப் பார்க்கும்போதெல்லாம் தலையசைப்பதும் எந்த அங்கத்தில் அடங்கும்? மதிப்பிழந்துவிட்டோம் என்று எண்ணும் பிள்ளைக்கு இழக்க இனி ஒன்றுமில்லை. எனினும் கண்டும் காணாததுபோல் இருப்பதை உபகூகனம் என்று கொள்ளுதல் அதனினும் தவறு. "வயசுப் பையன், தானே விட்டுவிடுவான்" என்று தாய் மறைப்பதில் அன்பு இருக்கலாம். மறைத்த பின் தனியே கடியும் பகுதி அங்கே இல்லை.

ஸ்திதிகரணத்துக்கு வாரிஷேணன். சிரேணிக மன்னனின் மகன், துறவு பூண்டவன். அவனுடன் துறவு பூண்ட நண்பன் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தன் மனைவியையே நினைந்துகொண்டிருந்தான். வாரிஷேணன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தான் விட்டுவந்த அரண்மனைக்கு அவனை அழைத்துச் சென்று, தான் துறந்த மனைவியரையும் செல்வத்தையும் அவன் கண்முன் நிறுத்தினான். இவ்வளவையும் ஒருவன் விட்டிருக்கிறான் என்பதை நேரில் கண்ட நண்பன் நாணினான். நிறுத்தியவன் தன்னிடம் இருந்ததை முதலில் விட்டவன். அதனால்தான் அந்த வழி பலித்தது. மொட்டை மாடியில் நின்று புகைக்கும் தந்தைக்கு வாரிஷேணனின் வழி திறந்திருக்கவில்லை. தந்தை விடுவதும் மகன் விடுவதும் ஒரே நாளில் தொடங்கலாம். அதில் இழிவு ஒன்றுமில்லை. ஒரே கூரையின்கீழ் புகையை மூச்சில் வாங்கும் தாய்க்கும் சிறு குழந்தைக்கும் அதனால் வரும் நன்மை தனி.

எவ்வாறு தொடங்குவது? இரத்தினகரண்டம் விரதத்தை யமம், நியமம் என இரண்டாகப் பிரிக்கிறது. வாழ்நாள் முழுமைக்கும் கொள்வது யமம். கால வரையறையோடு கொள்வது நியமம். இன்று, பகல், இரவு, பக்கம், மாதம், இருது, அயனம் என்று அக்கால அளவுகளையும் ஆசாரியர் வரிசையாக வைத்திருக்கிறார். அதே இடத்தில் அவர் கூறும் நுட்பம் ஒன்று உண்டு: உடலுக்குத் தீங்கானதையும் சான்றோர்க்கு ஒவ்வாததையும் விட்டேயாக வேண்டும், தகுந்த பொருளையே எண்ணித் துணிந்து விடுவதுதான் விரதம். அந்த அளவுகோலில் சிகரெட்டை விடுவது பெருந்தவமாகாது, வீட்டைக் கட்டுமுன் தரையைப் பெருக்குவது போன்றது. பெரிய சபதம் என்று அஞ்சும் பிள்ளைக்கு இதனைச் சொல்லலாம். அவனுக்குச் சுமை குறையும்.

"இனி வாழ்நாளில் தொடமாட்டேன் என்று சாமி முன் சத்தியம் செய்" என்று அழுத்தும் பெற்றோர் யமத்தை வற்புறுத்துகின்றனர். பயந்து செய்த சத்தியம் முதல் வாரத்தில் உடையும்; உடைந்தபின் சத்தியத்தின் மேலேயே மதிப்புப் போய்விடும். மகனே அளவைத் தேர்ந்துகொள்ளட்டும். முதலில் ஒரு பகல். பின்பு ஓர் இரவு. அதன்பின் ஒரு பக்கம், அதாவது 15 நாள். நிக்கோட்டினை நிறுத்தியவர்க்கு எரிச்சலும் அமைதியின்மையும் தூக்கக் குறைவும் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சமடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிகின்றன என்பது மருத்துவர் கண்டது. ஒரு பக்கம் கடந்து ஒரு மாதத்தை எட்டியவன் கடினமான வழியைப் பெரும்பாலும் கடந்துவிட்டான். அந்த முதல் மூன்று நாளில் அவன் சுள்ளென்று பேசினால் தாய் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசுவது அவன் மட்டுமல்லன். இழுக்கத் தோன்றும் அவா சில நிமிடங்களே நிற்கும். ஒரு குவளை நீர், சிறிது நடை, எண்ணி முடிக்கும் ஒரு பஞ்ச நமஸ்காரம் என்று எதுவும் அந்த நிமிடங்களைக் கடக்க உதவும். தேநீர்க்கடை வழியை விட்டு வேறு வழியில் வீடு திரும்புவதும் உதவும்.

இடையில் ஒருநாள் தவறினால் அது அதிசாரம். விரதத்தில் விழுந்த கறை. கறை பட்டது என்பதற்காக ஆடையைக் கிழித்தெறிவதில்லை. பிரதிக்கிரமணம் என்ற ஒன்றை முன்னோர் வகுத்ததே, விரதம் கொண்டவர் தவறுவர் என்பதை அறிந்துதான். அன்று மாலையே அவன் அதனை வந்து சொல்வானாயின் வீட்டில் பாதி வேலை முடிந்தது. தன்னால் இயலவில்லை என்று கருதும் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் வெட்கம் வேண்டா. 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண்ணிலும் புகையிலையை விட ஆலோசனை பெறலாம். அந்த எண் சிகரெட்டுப் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது.

ரெட்டியார்சத்திரத்தைக் கடந்து பழனிக்கும் அப்பால் சென்றால் ஐவர்மலை வரும். அம்மலையில் தேய்ந்திருந்த பார்சுவ படாரரின் திருவுருவை குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் புதுக்கினார் என்று சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டுக் கூறுகிறது. புதிதாக ஒன்றைச் செதுக்காமல், இருந்ததையே புதுக்கினார். பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத் தக்க இடம். மலையேறி முடிக்கையில் மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இன்று பருவத்தின் மூன்றாம் நாள். அனந்த சதுர்த்தசிக்கு இன்னும் 7 நாட்கள் உள்ளன. ஒரு நியமத்துக்கு அது போதுமான அளவு. இன்றிரவு விளக்கணைக்குமுன், சட்டைப்பையைச் சோதிக்காமல், குரலை உயர்த்தாமல், தந்தை மகனிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அதற்குமுன் தன் சட்டைப்பையில் இருப்பதை எடுத்து மேசைமேல் வைத்துவிடலாம்.